மூடியைத் திறந்தால் நின்றுவிடும் புகை

படகுத்துறையில் எல்லோரும் அவரை மெக்கானிக்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்தாறு வருஷமாக டீசல் என்ஜின்களோடு மல்லுக்கட்டியவர். பழுதுபார்க்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பெருக்குறதுக்கு ஆள் கேட்டிருந்தேன், நீதானா?" என்றாராம். "இல்லைங்க, உங்களுக்குப் பின்னாடி அந்த பம்ப் ஒழுகுதே, அதைப் பார்க்க வந்தேன்" என்று இவர் சொல்ல, மேஸ்திரி திரும்பிப் பார்த்திருக்கிறார். நிஜமாகவே ஒழுகிக்கொண்டிருந்தது.

புகை விடுகிற படகு என்று யார் வந்து நின்றாலும் அவர் மூன்று கேள்வி கேட்பார். என்ன நிறம்? எப்போது வருகிறது? கடைசியாக எதை மாற்றினீர்கள்? நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமலே வெளியே போகிறது, இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. கறுப்பு என்றால் டீசலுக்குத் தகுந்த காற்று கிடைக்கவில்லை, அல்லது என்ஜின் தாங்காத பாரத்தை இழுக்கிறது. முதல் இரண்டு கேள்விக்கும் எல்லோரும் மூச்சுவிடாமல் பதில் சொல்வார்கள். மூன்றாவது கேள்விக்கு மட்டும் உலகத்தில் ஒரே பதில்தான்: "நான் எதையும் தொடலையே!"

ஒருமுறை நீலப் புகை விட்டுக்கொண்டு வந்த மீன்படகுக்காரர் ஒருவர் இதையே மூன்று தடவை அடித்துச் சொன்னார். மெக்கானிக்கம்மா ஆயில் அளவுகம்பியை உருவிப் பார்த்தால் கம்பியின் கழுத்துவரை ஆயில். "ரெண்டு மாசத்துக்குச் சேர்த்து ஊத்திட்டேன்மா, அடிக்கடி ஊத்த வேணாமேன்னு" என்று அப்புறம் மெல்ல இழுத்தார். அன்றைக்கு மெக்கானிக்கம்மாவுக்கு வந்த எரிச்சலில் ஸ்பானரைத் தண்ணீரில் வீசிவிட்டார். பிறகு அவரே இறங்கித் தேடி எடுத்தார்.

இப்படிப்பட்டவரிடம் கறுப்புப் புகையோடு வந்து நின்றது சொந்தத் தம்பி.

தம்பி பதினெட்டு வருஷமாக ஆற்றின் இரண்டு கரைக்கும் நடுவே பயணிகள் படகு ஓட்டினான். மூன்று வாரமாக அந்தப் படகு கரிக்கிடங்கு பற்றி எரிவதுபோலப் புகைந்தது. எதிர்க்கரைக் கொடிகளில் காயப்போட்ட வெள்ளைத் துணிகளெல்லாம் புள்ளி புள்ளியாகக் கறுத்தன. துறை அதிகாரி ஒரு தாளை நீட்டிவிட்டுப் போனார்: வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் படகு கட்டிக்கிடக்க வேண்டியதுதான்.

"கடைசியா என்னடா மாத்தினே?"

"நான் எதையும் தொடலையேக்கா."

மெக்கானிக்கம்மா கண்ணை மூடிப் பத்துவரை எண்ணிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்.

முதல் நாள் படகு துறையில் கட்டியிருக்கும்போது என்ஜினை ஓடவிட்டார். புகையே இல்லை. பயணிகளோடு ஆற்றைக் கடந்தபோது தளத்தில் இருக்கும் என்ஜின் அறை மூடியைத் திறந்து, உள்ளே தலையை விட்டபடியே போனார். அப்போதும் இல்லை. சரி என்று கரையிறங்கி நின்று பார்த்தால், அவரில்லாமல் கிளம்பிய படகு ஆற்றின் பாதிக்குப் போவதற்குள் கறுப்பு மேகம் ஒன்றைக் கக்கிவிட்டுப் போனது.

"நீ இருந்தா வரமாட்டேங்குது. அதுக்கும் உன்கிட்ட பயம்போல" என்று திரும்பி வந்த தம்பி சிரித்தான். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாம் நாள் ஏர் ஃபில்டரைக் கழற்றினார். துடைத்து வைத்ததுபோல இருந்தது. டீசலைத் தெளிக்கும் நான்கு நாசில்களையும் கழற்றிப் பட்டறையில் வைத்துப் பார்த்தார். பனிப்படலம்போலத் தூவின. படகில் கயிறு கட்டுகிற ஆளைத் தண்ணீருக்குள் இறக்கி, புரொப்பல்லரில் ஏதாவது சுற்றியிருக்கிறதா என்று தடவச் சொன்னார். "ஒண்ணும் இல்லம்மா, வழவழன்னு இருக்கு" என்று மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தான் அவன். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிற என்ஜின் புகைந்தால் அதைவிடக் கடுப்பான விஷயம் வேறில்லை. அன்று இரவு வீட்டுக்குப் போனதும் சாப்பிட உட்கார்ந்தார். கணவர் தட்டை எடுத்து வைத்துவிட்டு, "கறுப்பா, நீலமா?" என்று மட்டும் கேட்டார். "பேசாம சாப்பிடுங்க" என்றார்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. எதிர்க்கரையில் தையல் வேலைக்குப் போகும் தம்பி மனைவியும் படகில் இருந்தாள். மெக்கானிக்கம்மா பழையபடி மூடியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். பாதி ஆறு தாண்டும்போது தூறல் விழுந்தது. என்ஜின் மேல் தண்ணீர் சொட்டுமே என்று கயிற்றுக்காரன் மூடியை இழுத்துச் சாத்தினான். ஓரிரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, பின்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் இருமத் தொடங்கினார்கள்.

மெக்கானிக்கம்மா திரும்பிப் பார்த்தார். குழாயிலிருந்து கருகருவென்று புகை. எழுந்து மூடியைத் திறந்தார். புகை மெலிந்து, வெளுத்து, நின்றது. சாத்தினார். மறுபடி கறுத்தது. திறந்தார். நின்றது.

"அடச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மூன்று நாளாக என்ஜினுக்கு மூச்சுவிட வழி திறந்துவைத்துக்கொண்டு, மூச்சுத்திணறல் எங்கே எங்கே என்று அவரே தேடிக்கொண்டிருந்திருக்கிறார்!

என்ஜின் அறைக்குக் காற்று வருகிற வழி பயணிகள் இருக்கைக்கு அடியில், மிதவைச் சட்டைகள் வைக்கும் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. மூடி திறந்திருந்தால் அந்த வழி தேவையில்லை. மூடிவிட்டால் அதை விட்டால் வேறு கதியில்லை.

படகு கரையைத் தொட்டதும், "காத்து வர்ற வழியில எதையாவது வச்சியாடா?" என்று கேட்டார்.

"நான் எதையும் தொட..."

"வாயை மூடு."

முழங்காலிட்டு, முப்பது மிதவைச் சட்டைகளையும் ஒவ்வொன்றாக வெளியே வீசினார். பின்னாலிருந்த கம்பிவலையைக் கழற்றிக் கையை விட்டார். மெத்தென்று ஏதோ பட்டது. இழுத்தார். பூப்போட்ட உறையோடு ஒரு பஞ்சுத்துண்டு வந்தது. அப்புறம் இன்னொன்று. ஐந்து துண்டு.

"என் மெத்தை!" என்று அலறினாள் தம்பி மனைவி. "அண்ணி, இது என் மெத்தை! வெயில்ல போட்டதைக் காணோம்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சண்டை போட்டு மூணு வாரமா நாங்க பேசிக்கறதில்லை. இந்த மனுஷன் பக்கத்துல நின்னு ஆமா ஆமான்னு தலையாட்டினாரே!"

தம்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். மெக்கானிக்கம்மா திட்டத் தொடங்கினார். பட்டறையில் இருபத்தாறு வருஷம் சேர்த்துவைத்த அத்தனை வசவும் வந்தது. திட்டிக்கொண்டிருக்கும்போதே ஒன்று கண்ணில் பட்டது. இப்போது அவர் பக்கம் திரும்பியிருந்த தம்பி அவர் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் சட்டென்று நிறுத்தினார். அவனைச் சுற்றிப் பின்பக்கம் போய் நின்று, சாதாரணக் குரலில், "தம்பி, உன் தோள்ல தேள்" என்றார்.

தம்பி மனைவி துள்ளி விழுந்தாள். கயிற்றுக்காரன் இரண்டடி பின்வாங்கினான். தம்பி அசையவேயில்லை. அக்கா எங்கே போனாள் என்று கொஞ்சம் கழித்துத்தான் திரும்பிப் பார்த்தான்.

தூறல் நின்றிருந்தது.

"எத்தனை நாளாடா?" என்றார் மெக்கானிக்கம்மா, அவன் முன்னால் வந்து நின்று.

அவன் மிதவைச் சட்டைக் குவியல்மேல் உட்கார்ந்தான். "ரெண்டு வருஷம் இருக்கும்க்கா. பக்கத்துல பேசினா கேக்கும். என்ஜின் ஓடிட்டா ஒண்ணும் தெரியாது. போன மாசம் ஒரு பெரியவர் இறங்கிட்டு இருந்திருக்கார். நிறுத்து நிறுத்துன்னு எல்லாரும் கத்தியிருக்காங்க. எனக்குக் கேக்கலை. படகை எடுத்துட்டேன். மனுஷன் தண்ணிக்குள்ள முட்டிபோட்டு விழுந்துட்டார். அடி ஒண்ணும் பெருசா இல்லை. ஆனா அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே..." அவன் ஒரு மிதவைச் சட்டையின் வாரை முறுக்கினான். "சத்தம் கொஞ்சம் அடங்கினா கேக்கும்னு நெனைச்சேன். சத்தமெல்லாம் அந்தக் காத்து வர்ற ஓட்டை வழியாத்தான் வருது."

"காது கேக்கலைன்னு என்ஜினோட மூக்கை அடைச்சியா?"

"வெளியில தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும்க்கா."

அவருக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அவர் எப்போதும் கத்தியே பேசுகிறவர். பட்டறைப் பழக்கம். அதனால் அக்கா பேசியதெல்லாம் அவனுக்குக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. "கூப்பிட்டா திரும்பறதே இல்லை அண்ணி, திமிரு" என்று தம்பி மனைவி புலம்பியபோதெல்லாம், "ஆம்பளைங்க எல்லாம் அப்படித்தான்மா" என்று சிரித்துவிட்டு விட்டார். ஒரு பம்ப் அப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே கழற்றிப் பார்த்திருப்பார்.

அவர் போய், படகின் சாவியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"அக்கா!"

"காதைக் காட்டிட்டு வா. அதுவரைக்கும் இதைத் தரமாட்டேன்."

"நாளைக்குப் பயணிகள் நிப்பாங்க."

"நிக்கட்டும். விழுறதுக்கு நிக்கிறது மேல்."

பதினோரு நாள் அவன் அவரோடு பேசவில்லை. பக்கத்துத் துறையிலிருந்து ஒருவர் வந்து, தினமும் மெக்கானிக்கம்மாவிடம் சாவி வாங்கி ஓட்டினார். வெள்ளிக்கிழமை வந்த அதிகாரி, மூடி சாத்தியபடி படகை இரண்டு தடவை போய்வரச் சொன்னார். புகைக்குழாயிலிருந்து லேசான சூட்டு அலை மட்டும்தான் வந்தது. மெக்கானிக்கம்மா அந்தக் காற்றுவழியில் ஒரு மரப்பெட்டி செய்து வைத்தார். உள்ளே இரண்டு திருப்பம், சத்தத்தை உறிஞ்சுகிற தகடு. காற்று வளைந்து வந்தது, இரைச்சல் பாதியாகக் குறைந்தது. மெத்தை தேவைப்படவில்லை. தம்பியே முதலில் வந்து கேட்டிருந்தால் ஒரு நாள் வேலை.

ஆஸ்பத்திரியில் தம்பியின் இரண்டு காதிலும் கருவி பொருத்தினார்கள். லைசென்ஸ் போகவில்லை. துறை அலுவலகத்தில் அவனைக் கருவியோடு பரிசோதித்துவிட்டு, கயிற்றுக்காரன் மணியடித்த பிறகுதான் படகை எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். மெக்கானிக்கம்மா சாவியைத் தம்பி மனைவியிடம் கொடுத்தார். அவனிடம் நேராகக் கொடுக்க மனம் வரவில்லை.

மறுபடி ஓட்ட ஆரம்பித்த வாரமே அவன் மூன்று தடவை போன் செய்து அவரை வரவழைத்தான். மூன்றாவது தடவை அவர் வேறொரு படகின் அடியில் மல்லாந்து கிடந்தார். எழுந்து, கை துடைத்து, திட்டிக்கொண்டே போனார்.

"அக்கா, அடியில டக்டக் டக்டக்னு ஒண்ணு அடிச்சுக்குது. கேளு. என்னமோ உடையப் போகுது."

அவர் குனிந்து கேட்டார். "பம்ப் வால்வுடா. நல்லாத்தான் இருக்கு. எப்பவும் வர்ற சத்தம்தான்."

"எப்பவுமா?"

"எப்பவும்தான்."

அவன் கொஞ்சநேரம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றான். அப்புறம் வேறெங்கோ கையைக் காட்டி, "சரி, அப்போ அந்தக் கிரீச் என்னது?" என்றான்.

மெக்கானிக்கம்மா நீளமாக மூச்சுவிட்டு, பெட்டியைக் கீழே வைத்து உட்கார்ந்தார்.