கொட்டடியில் அண்ணனைப் பார்த்தது

பல வருஷம் கழித்து அண்ணன் போர்ட் பிளேர் வந்தான், டூர் கூட்டத்தோடு. இதே ஊரில் ஜங்லிகாட்டில் என் வீடு இருக்கிறது. வீட்டுக்கு வர நேரமில்லையாம். “ஜெயிலுக்கு வந்துரு தங்கச்சி, அங்கதான் கொஞ்ச நேரம் விடுறாங்க” என்றான் போனில். கூடப் பிறந்தவனைப் பார்க்க டிக்கெட் எடுத்துக்கொண்டு செல்லுலார் ஜெயிலுக்குப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவனிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. என் கணவர் போன பிறகு இங்கே எனக்கென்று யாருமில்லை. ஊரில் அப்பா கட்டிய வீட்டின் மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. அங்கே வந்து இருந்துகொள்ளட்டுமா? போனில் கேட்கிற விஷயமா இது? முகம் பார்த்துக் கேட்க வேண்டும். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். கேட்டுவிடுவதென்று கிளம்பினேன்.

அவனுக்குப் பிடிக்குமே என்று சூரைமீன் குழம்பும் சோறும் கட்டிப் போயிருந்தேன். “கானா அந்தர் நஹீ, அம்மா” என்று, சாப்பாட்டை உள்ளே விடாமல், காவலாளி பையை வாங்கி வாசலிலேயே வைத்துவிட்டார்.

மாடியில் ஒரு கொட்டடிக்குள் அண்ணன் நின்றிருந்தான், பக்கத்தில் அண்ணி. செருப்பைக் கழற்றிவிட்டு, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அழுதான். பாசாங்கில்லை, அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

“பாரு, எதிர்ல அடுத்த கட்டடத்தோட முதுகுதான் தெரியுது. ஒரு வார்த்தை பேச ஆளில்லாம எப்படித்தான் இருந்தாங்களோ!”

எனக்குச் சுருக்கென்றது. முந்தின நாள் முழுக்க நான் பேசியது மீன்காரரிடம் மட்டும். அதுவும் இந்தியில். நாட்டுக்காக இங்கே வதைபட்டவர்களுக்காக எல்லோரும் அழத்தான் வேண்டும். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அவர்கள்மேல் பொறாமையாக இருந்தது.

“அண்ணே, நம்ம வீட்டு மாடி ரூம்பு…” என்று ஆரம்பித்தேன்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தான். “நீ குடுத்து வச்சவ தங்கச்சி. இந்த மண்ணுலயே இருக்க. இதை விட்டு எங்கயும் போயிராத.”

புரிந்து சொன்னானா, புரியாமல் சொன்னானா, தெரியவில்லை. அண்ணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் கீழிருந்து டூர்க்காரர் கூப்பிட, இருவரும் அவசரமாக இறங்கிப் போனார்கள்.

நான் அந்தக் கொட்டடியிலேயே நின்று, வாய்விட்டு அழுதேன். வடநாட்டு அம்மாள் ஒருவர் எட்டிப் பார்த்தார். நான் யாரோ தியாகிக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார். என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, அடுத்த கொட்டடிக்கு நகர்ந்தார்.