பை தி மீன்வைல்

ஆங்கில டீச்சருக்கு வீட்டில் இரண்டு மொழிகள். சமையலுக்கும் சண்டைக்கும் தமிழ். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவோடு பேச ஆங்கிலம். அப்பா கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். அடுத்தவர் எழுதியதைத் தட்டித் தட்டியே ஆங்கிலம் பிடிபட்டது. மனைவி சின்ன வயதிலேயே போய்விட, ஒற்றை மகளைத் தனியாக வளர்த்தார். தினமும் ஒரு மணி நேரம் வீட்டில் ஆங்கிலம்தான் என்று அப்போது ஒரு சட்டம் போட்டார். மகளுக்குக் கல்யாணமாகி, அவரும் மகள் வீட்டோடு வந்து, காது பாதி அடைத்துப்போன பிறகும் அந்தச் சட்டம் ரத்தாகவில்லை. மாப்பிள்ளை பம்பு மோட்டார் பழுது பார்ப்பவர். நேரம் வந்ததும், "நான் வெளிநாடு போயிட்டு வரேன்" என்று மொட்டைமாடிக்கு ஏறிவிடுவார்.

அந்த வருடம் டீச்சரின் பள்ளிக்கு ஓர் ஆய்வுக் குழு வந்தது. நகரத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் எழுதிய பழைய ஆங்கிலக் கட்டுரைகளையெல்லாம் கணினியில் ஏற்றிச் சேர்ப்பதுதான் வேலை. அந்தக் குவியலுக்குக் கார்ப்பஸ் என்று பெயர். பிள்ளைகள் எங்கெங்கே சறுக்குகிறார்கள் என்று அதிலிருந்து பார்த்து, செயற்கை நுண்ணறிவுக்குப் பழக்கி, பிறகு ஆளுக்கொரு டேப்லெட்டில் அதையே பாடம் நடத்த வைப்பார்களாம். டீச்சருக்கு ஒரே உற்சாகம். ஸ்கேனருக்குப் புரியாத கோழிக் கிறுக்கலையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொன்னார்.

வேலை முடிந்ததும் குழுவின் தலைவியான இளம்பெண் ஆசிரியர்களைக் கூட்டித் திரையில் காட்டினாள். ஒரு சொல்லைத் தட்டினால் போதும். அது வருகிற வரிகளெல்லாம், அந்தச் சொல் நடுவில் நிற்க, ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து விழுந்தன. வேடிக்கையான ஒன்று கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் எதையோ தட்டினாள். ‘பை தி மீன்வைல்’ என்று திரை நிறைந்தது. இதற்கிடையில் என்று சொல்ல ‘இன் தி மீன்வைல்’ என்றல்லவா எழுத வேண்டும்? ஆசிரியர்கள் சிரித்தார்கள்.

"மத்த ஸ்கூல்ல ஒரு இடத்துலகூட இது இல்ல. இங்க மட்டும் வருஷா வருஷம் வருது. ஏதோ பழைய நோட்ஸ்ல இருந்து பரவியிருக்கும்னு நினைக்கிறோம்" என்றாள் அவள்.

டீச்சர் வரிகளை வாசித்தார். ஒரு பையன் ரயிலைத் தவறவிட்டிருந்தான். ஒருத்தியின் தம்பிக்குக் காய்ச்சல். இன்னொருத்தி மழைக்குக் கடை ஓரமாக ஒதுங்கியிருந்தாள். எல்லோர் வாயிலும் அதே மூன்று சொற்கள். அவை அப்பாவின் வாயிலிருந்து தன் வாய்க்கு வந்தவை. பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவரால் முடியவில்லை.

"நோட்ஸ் இல்லம்மா. நான்தான்."

அந்தப் பெண்ணின் முகம் செத்துவிட்டது. தலைமையாசிரியர், இதெல்லாம் ஒரு தப்பா டீச்சர் என்றார். ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு வகுப்பில் வாய் திறக்கவே பயமாக இருந்தது. சொன்னபடி டேப்லெட்டுகளும் வந்து சேர்ந்தன. மடை திறந்த மாதிரி பேசியவர், சொல்ல வேண்டிய வாக்கியத்தை முதலில் டேப்லெட்டில் அடித்து, அது சரி என்ற பிறகே சொன்னார். ஒரு நாள் ஒரு சிறுமி, அந்த மூன்று சொற்களுக்கு டேப்லெட் சிவப்புக் கோடு போடுகிறது, ஆனால் அக்காவும் அப்படித்தான் எழுதுவாள் என்று வந்து நின்றாள். கோடு போட்டால் மாற்றிக்கொள் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் அப்பா வழக்கம்போல ஆங்கிலத்தில் பேசினார். அந்தச் சொற்கள் வரும்போதெல்லாம் டீச்சர் கேட்காத மாதிரி இருந்துவிடுவார். ஒரு நாள் தலைவலியோடு உட்கார்ந்திருந்தபோது மின்சாரம் போன கதையை அப்பா சொன்னார். நடுவில் அது வந்தது.

"அது ‘இன்’ப்பா. ‘பை’ இல்ல."

அப்பாவுக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"எப்பலருந்து?" என்று கேட்டார் அப்பா.

"எப்பவுமே அப்படித்தான்பா."

அப்பா வேட்டி நுனியை விரலில் சுற்றினார், பிரித்தார். பிறகு, "நீ பசங்களுக்கு எப்படி பாப்பா சொல்லிக் குடுத்த?" என்றார்.

"சரியாத்தான் சொல்லிக் குடுத்தேன்."

"நல்ல வேளை பாப்பா" என்றார்.

மறுநாள் சாப்பிட்டதும் அசதியாக இருக்கிறது என்று படுத்துவிட்டார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. டீச்சரே வலியப் போய் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால், கால் வலிக்கிறது, தண்ணீர் கொடு என்று தமிழில் பதில் வரும். கோபமெல்லாம் இல்லை. கடையை மூடிவிட்டவரைப் போல இருந்தார். அவரைப் பழையபடி பேச வைக்க டீச்சர் என்னென்னவோ செய்து பார்த்தார். வேண்டுமென்றே தப்பாகக்கூடப் பேசினார். அப்பா திருத்தவில்லை.

மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் வெளியூர்க்காரர், தமிழ் தெரியாதவர். எத்தனை நாளாக இருமல், வலி எங்கே என்று அப்பாவிடம் ஆங்கிலத்தில் கேட்டார். முன்பென்றால் அப்பா எழுந்து உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து ஆரம்பித்திருப்பார். இப்போது மகளைத்தான் பார்த்தார்.

"நீயே சொல்லிடு பாப்பா. நான் ஏதாவது தப்பா சொல்லி வைக்கப்போறேன்."

டீச்சர் சொன்னார். குட்டிக் குட்டி வாக்கியங்களாக, ஒவ்வொன்றையும் மனசுக்குள் ஒரு தடவை சரிபார்த்துச் சொன்னார். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் வீடு திரும்பவில்லை.

விடுப்பு முடிந்து டீச்சர் பள்ளிக்குப் போனார். பிள்ளைகள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவரவர் டேப்லெட்டோடு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் மட்டும் நிமிர்ந்து வணக்கம் சொன்னார்கள். மூன்றாவது பெஞ்சில் ஒரு டேப்லெட்டுக்கு சார்ஜ் இறங்கியிருந்தது. அதன் ஒயரைச் சொருகிவிட்டு, வேறு யாருக்காவது ஏதாவது வேண்டுமா என்று பார்த்தபடி கடைசி பெஞ்சுப் பக்கம் நடந்தார்.