எட்டாக வெட்டிய மதியம்

அப்பாவைக் காணவில்லை. மறதி நோய் வந்த பிறகு அவர் தனியாக வெளியே போனது அதுதான் முதல் தடவை. சர்க்கரைக்காரர், மதியம் சாப்பிடவும் இல்லை. நானும் தம்பியும் ரெட்டியார்பாளையம் வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஒரே வண்டியில் பஸ் ஸ்டாப், மார்க்கெட் என்று அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

எங்கள் தெரு முட்டுச்சந்து. அதன் முனையில் இருக்கும் மருந்துக்கடைக்காரர், மதியத்திலிருந்து அந்த நிமிஷம் வரை தன் கேமராவில் பதிவானதைக் கொடுத்தார். வேகமாக ஓட்டிப் பார்த்தோம். அத்தனை கூட்டத்தில் யார் எவர் என்றே பிடிபடவில்லை. ஆபீசில் நான் பயன்படுத்தும், வீடியோவில் ஆளைத் தேடிப் படமாக எடுத்துக் காட்டும் ஒரு புரோகிராமிடம் அப்பாவின் படத்தைக் கொடுத்துத் தேடவிட்டேன். அது ஆமை வேகத்தில் நகர்ந்தது.

லேப்டாப்பில் எட்டு கோர், தனித்தனியாக வேலை பார்க்கும் எட்டு மூளை மாதிரி. உள்ளே பார்த்தால், ஒன்று மட்டும் மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருந்தது. ஏழு சும்மா கிடந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் திட்டி என்ன பயன்? ஒற்றை வேலையை அது ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடுமே தவிர, தானாக வெட்டிப் பங்கு போடாது. தனித்தனி வேலையாக வந்தால்தான் தனித்தனி கோருக்கு அனுப்பும். வீடியோவை எட்டாக வெட்டினேன். புரோகிராமை எட்டுத் தடவை திறந்து, ஆளுக்கொரு துண்டைக் கொடுத்தேன். எட்டும் ஒன்றாகக் கிளம்பின, லேப்டாப்பின் ஃபேன் அலறியது.

முதலில் திரையில் ஒரு படம் விழுந்தது: அப்பா சந்துக்குள் நுழைகிறார். சற்று நேரத்தில் இன்னொன்று: மெயின் ரோட்டுப் பக்கம் போகிறார்.

“வந்துட்டு மறுபடி கெளம்பிட்டாருக்கா. விழுப்புரம் பஸ்ல ஏறிட்டா என்னா பண்றது? நான் போறேன்.” தம்பி வண்டிச் சாவியை எடுத்தான்.

“இருடா.”

எட்டுத் துண்டும் ஒரே சமயத்தில் ஓடும்போது, முதலில் வந்த படம் முதலில் நடந்ததாக இருக்க வேண்டியதில்லை. படங்களின் மூலையில் இருந்த மணியைப் பார்த்தேன். போனதுதான் முன்னால். உள்ளே வந்தது அதற்கப்புறம்.

“சாவிய வை. அப்பா திரும்பி வந்துட்டாரு.”

மீதித் துண்டுகள் முடியும்வரை இருவரும் திரையையே பார்த்திருந்தோம். பயமாக இருந்தது. வேறு படம் எதுவும் விழவில்லை. முட்டுச்சந்துக்குள் வந்தவர் வெளியே போகவே இல்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினோம். சந்தின் கோடியில் பாதி கட்டி நிற்கும் வீடு ஒன்று உண்டு. அதன் பின்புறம் மணல் குவியலில் அப்பா உட்கார்ந்திருந்தார். உதடு காய்ந்துபோயிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“எங்கேம்மா போயிட்டீங்க ரெண்டு பேரும்?” என்றார். “வீடு பூட்டிக் கெடந்துது. உங்களத்தான் தேடிட்டிருந்தேன்.”