வெடிக்கு அசையாத நாய்

பட்டாசுக் கம்பெனிக்குள் செருப்போடு போகக் கூடாது. கேட்டிலேயே கழற்றிவிட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தால் அந்தச் செருப்பு தோசைக்கல்லாகக் காய்ந்திருக்கும். மாரிசெல்வி வேலை பார்த்த கம்பெனியில் மட்டும் செருப்புகள் எந்நேரமும் வேப்பமர நிழலில் கிடந்தன. வெயில் நகர நகர அவற்றை எடுத்து நிழலில் வைத்தது வாட்ச்மேன் செல்லச்சாமி என்பது வெகுநாள் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. அவராக ஒரு நாளும் சொல்லிக்கொண்டதில்லை.

மனைவி போன பிறகு அவருக்குக் கருவாயன்தான் துணை. ரோட்டோரம் கிடந்த நாய்க்குட்டி. புது வெடியைப் போட்டுப் பார்க்கிற பொட்டலில் மற்ற நாய்கள் வாலைச் சொருகிக்கொண்டு ஓடும். இது கொட்டாவி விட்டபடி படுத்திருக்கும்.

"நம்ம கம்பெனி நாயாக்கும்" என்று முதலாளி ராஜபாண்டியன் வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார். செல்லச்சாமி தலையைக் குனிந்துகொள்வார். குட்டியிலேயே பக்கத்தில் வெடி வெடித்து அதற்குக் காது போய்விட்டது. சொன்னால், செவிட்டு நாய் காவலுக்கு எதற்கு என்று விரட்டிவிடுவார்களே. தரையில் காலால் தட்டினால் ஓடிவரும். அவ்வளவுதான் இருவருக்கும் பேச்சு.

போன வருடம் கம்பெனி இருந்த ஆலங்குளம் பக்கம் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். துப்பறியும் இன்ஸ்பெக்டரும் சொன்னபடி கேட்காத நாயும் சேர்ந்து திருடனைப் பிடிக்கிற சிரிப்புப் படம். கூட்டிவந்த நாய் முதல் வெடிக்கே ஓடிவிட்டது. முதலாளி கருவாயனைக் கொடுத்தார்.

காக்கிச்சட்டை போட்ட நடிகர் "உக்காரு" என்று கத்தினார். கருவாயன் அவர் பூட்ஸை மோந்துவிட்டுக் காலைத் தூக்கியது.

"மொதலாளி பேச்சயே கேக்காது. போலீசு பேச்சயா கேக்கப் போவுது" என்றாள் கூட வேலை பார்க்கும் ராமுத்தாய். கூட்டமே சிரித்தது. மாரிசெல்வியும் சிரித்தாள். செல்லச்சாமியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. அன்றுதான் அவர் அவளிடம் நாய்க்குக் காது கேட்காத விஷயத்தைச் சொன்னார்.

மிச்சப் படம் சென்னையில், நாயும் வர வேண்டும் என்று மறுநாள் சொன்னார்கள். முதலாளி சரி என்றுவிட்டார். மாரிசெல்வியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு செல்லச்சாமி ஆபீசுக்குப் போனார்.

"மொதலாளி, அதுக்குக் காது கேக்காதுங்க. பட்டணத்து ரோட்டுல வண்டி வந்தா தெரியாது."

"விட்டுப் பிரிய மனசில்ல. அதுக்கு இப்பிடி ஒரு கதையா, செல்லச்சாமி?"

"நெசந்தாங்க மொதலாளி" என்றாள் மாரிசெல்வி.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்துத்தான் சொன்னாக."

"பாத்தியா" என்று சிரித்தார் முதலாளி. "வாக்குக் குடுத்தாச்சு. ராசா கணக்கா வச்சிருப்பாக, போங்க."

சினிமா மேனேஜரிடமும் செல்லச்சாமி சொல்லிப் பார்த்தார். "சொன்னதக் கேக்காத நாய்தான் பெரியவரே எங்களுக்கு வேணும்" என்றார் அவர். நானும் கூட வருகிறேன் என்றதற்கு, அங்கே ஆள் இருக்கிறது என்றார்.

வேன் கதவைச் சாத்தும்போது செல்லச்சாமி தரையில் தட்டவில்லை. தட்டினால் குதித்துவிடும், குதித்தால் அடிப்பார்கள் என்று பயந்து, இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு மேனேஜர் போனை எடுக்கவே இல்லை. மாரிசெல்வி இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். வேறென்ன செய்ய முடியும் அவளால். சோறு இறங்காமல் மெலிந்துபோன செல்லச்சாமியைத் திருப்பூரிலிருந்து மகள் இசைவாணி வந்து கூட்டிப்போனாள்.

விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரிடம், "படம் வரட்டும் பெரியப்பா. கருவாயனப் பாத்துட்டு ஒங்களுக்குப் போன் போடுறேன்" என்றாள் மாரிசெல்வி.

பஸ் கிளம்பியது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"எல்லாரும் சிரிப்பாக. நீயும் சிரி தாயி. அதுக்குப் பின்னால வண்டி கிண்டி வருதான்னு மட்டும் கொஞ்சம் பாத்துக்கோ."