கியர்பொக்ஸுக்குள் நான் போடாத மண்

போன மாதம் எங்கள் குடும்பத்தில் ஒரு கலியாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மாமாவின் மகள் என்னை அறிமுகப்படுத்தினாள். இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அப்பா பொண் பாக்கப் போன மோட்டார் சைக்கிளுக்குள்ள மண் அள்ளிப் போட்ட மச்சான் இவர்தான்" என்றாள். எட்டுப் பேர் சிரித்தார்கள். பாயசத்தை நான் தள்ளி வைத்துவிட்டேன். மாமாவும் மாமியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த மண் மட்டும் இன்னும் போகவில்லை. ஆகவே நடந்ததை எழுதி வைக்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவின் தம்பியான மாமாவுக்கு இரண்டு சம்பந்தங்கள் பேசிக் குழம்பிப்போயிருந்தன. மூன்றாவது பனிச்சங்கேணியில். எங்கள் பக்கத்தில் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். வீடு வளவெல்லாம் பெண்ணுக்கு. பெண்ணின் அண்ணன் புதிதாக ஓர் உழவு மெசின் வாங்கியிருந்தார். அதைப் பார்த்துக்கொள்ள மெசின் தெரிந்த ஒருவர் வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனை. தரகர், எங்கள் மாமா தொட்டால் எந்த மெசினும் ஓடும் என்று சொல்லிவிட்டார். மாமா அதுவரை தொட்ட மெசின் எங்கள் வீட்டுத் துவிச்சக்கரவண்டி ஒன்றே.

பெண்ணின் அண்ணன் கெட்டிக்காரர். தன்னுடைய மோட்டார் சைக்கிளை மாமாவிடம் கொடுத்து, கொஞ்ச நாள் ஓடிவிட்டுக் கொண்டுவரச் சொன்னார். அது எப்படித் திரும்பி வருகிறதோ அப்படித்தான் பதிலும் வரும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அம்மா சாமிக்கு நேர்த்தி வைத்தாள்.

மாமா வண்டியை அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவருக்கு அது போதவில்லை. ஒயில் மாற்றிக் கொடுத்தால் மதிப்பாக இருக்கும் என்று நினைத்தார். அந்தக் காலத்து வண்டியில் என்ஜினுக்கு ஒரு ஒயில், கியர்பொக்ஸுக்கு வேறு ஒயில். களுவாஞ்சிகுடியில் யாரிடமோ விசாரித்து இரண்டையும் வாங்கி வந்தார்.

தேற்றாத்தீவில் எங்கள் முற்றம் முழுக்க மணல். கால் வைத்தால் கணுக்கால்வரை புதையும். பாரமான எதை நிறுத்தினாலும் அடியில் பலகை போடுவது எங்கள் வழக்கம். உடைந்த தோணியின் பலகை ஒன்று அதற்காகவே வேலியில் சாய்ந்து கிடந்தது. நான்தான் இழுத்து வந்தேன். மாமா முகர்ந்து பார்த்தார். பெண் வீட்டாரின் வண்டியில் மீன் மணக்கும் என்று சொல்லி அதைத் திருப்பி வைக்கச் சொன்னார். வண்டியை வெறும் மணலில் ஸ்டாண்டில் ஏற்றினார். எனக்கு ஒரு சிரட்டையைத் தந்து, கழற்றுகிற மரையாணி, வாசர் எல்லாவற்றையும் அதில் போட்டு எண்ணிக்கொண்டிருக்கும் வேலையைக் கொடுத்தார்.

என்ஜின் ஒயில் சரியாகத்தான் நடந்தது. பழையதை வேலிக் கட்டைக்குப் பூச அம்மா எடுத்து வைத்தாள். அதற்குள் ஸ்டாண்டின் வலது கால் மணலுக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. கியர்பொக்ஸின் வலப்பக்கத்தில் ஒரு சின்ன ஆணி. அதைக் கழற்றிவிட்டு மேல் மூடியால் ஊற்ற வேண்டும். அந்த ஓட்டையால் ஒயில் வழிந்தால் நிறைந்துவிட்டது என்று கணக்கு. வண்டி நேராக நின்றால்தான் அந்தக் கணக்குச் சரி. வலப்பக்கம் சரிந்து நிற்கிற வண்டியில் கொஞ்சம் ஊற்றினாலே வழியும். வழிந்தது. மாமா ஆணியைப் பூட்டினார்.

பழைய ஒயில் ஒரு போத்தல் வந்தது. புதியதில் கால் போத்தல்தான் போனது. முக்கால் போத்தல் என் கண்முன்னே மிச்சம் நின்றது. வண்டி சரிந்து நிற்கிறது என்றும் சொன்னேன், மிச்சத்தையும் காட்டினேன்.

"நீ ஆணிய எண்ணு மருமகன்," என்றார் மாமா. "ஒயில நான் பாக்கிறன்."

ஆணிகளும் வாசர்களும் ஒன்றுகூடக் குறையவில்லை. என் வேலையில் பிழை இல்லை.

அடுத்த நாள் விடியப் புறப்பட்டோம். அம்மா கொடுத்த பலகாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால். வாழைச்சேனை தாண்டியதும் காலுக்கடியில் மரம் அரிகிற சத்தம். புது ஒயில் பழகுகிறது என்றார் மாமா. பனிச்சங்கேணிக்குச் சற்று முன்னால், ஏதோ நொறுங்கி, கியர் இறுகிவிட்டது. கிளச்சைப் பிடித்தபடி அவர் இழுக்க, நான் பின்னால் தள்ளினேன். பெண் பார்த்த வீட்டு வாசலுக்கு மாப்பிள்ளை வந்து சேர்ந்த கோலம் அது.

பெண்ணின் அண்ணன் வேலிப் படலையடியில் நின்றார். என்ன நடந்தது என்று கேட்டார். மாமா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"என்னத்தச் சொல்லுற மச்சான்? ஒயில் மாத்தக்குள்ள இவன் விளையாட்டுக்கு மண்ண அள்ளிப் போட்டிரிக்கான்."

நான் போடவில்லை என்று கத்தினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் குந்தியிருந்து கியர்பொக்ஸைத் திறந்தார். ஒரு கம்பியை விட்டு எடுத்தார். நுனியில் பேருக்குக் கொஞ்சம் ஒயில். அதை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். மண் இருந்திருந்தால் விரலில் நறநறவென்று அகப்பட்டிருக்கும். அது தெரியாதவர் அல்ல அவர். பக்கத்தில் நின்ற எனக்கே தெரிந்தது. நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வீட்டுக் கதவுப் பக்கம் பார்த்தார். அங்கே பெண் மாமாவையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது.

கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். "ஓம்," என்றார். "மண்தான்."

அந்தக் கணத்தில் எனக்கு வந்த கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. எண்ணத் தெரிந்தவன் நான் ஒருவன். என்னைத்தான் ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. அந்தக் கலியாணம் நடந்தது. மாமா அந்த வீட்டிலேயே இருந்து ஐந்து பிள்ளைகளைப் பெற்றார். அந்த உழவு மெசினின் ஒயில் மூடியை மட்டும் மாமா கிழவனாகும்வரை பெண்ணின் அண்ணன் அவரைத் தொடவிடவில்லை. ஏன் என்று ஊரில் ஒருவரும் கேட்கவுமில்லை. மண் போட்டது நானென்றால் மாமாவைத் தடுப்பானேன்?

வண்டி தள்ளிப்போன அன்று என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நண்டுக்கறி. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். பசி இழுத்துக்கொண்டு போனது. கை கழுவக் கிணற்றடிக்குப் போனபோது, பிறகு எனக்கு மாமியாகப் போகிற அந்தப் பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் ஊற்றியது. குனிந்து என் காதுக்குக் கிட்ட வந்தது.

"நீ போடல்ல எண்டு எனக்குத் தெரியும் மனே. சத்தம் போடாமத் தின்னு."

அதன் முகத்தில் சிரிப்பு. தெரிந்தால் முன்னுக்குப் போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். சாப்பிட இருந்தபோது எல்லோருக்கும் இரண்டு நண்டு வைத்தது, என் சோற்றுக் கோப்பையில் மட்டும் நான்கு வைத்தது. கூடப் போட்ட அந்த இரண்டும் எதற்கென்று விளங்காமல், அழுதுகொண்டே, நான்கையும் தின்று முடித்தேன்.