அடையாளம் இல்லாத மாதிரி

இடது கை இரும்பு வளையத்தை அசையாமல் பிடித்திருக்க, வலது கை சின்னச் சுத்தியால் வெல்டிங் ஒட்டின் மேலிருந்த கசடைத் தட்டி உதிர்த்தது. உதிர்ந்த இடத்தைக் கம்பி பிரஷ் தேய்த்துப் பளபளப்பாக்கியது. கட்டைவிரல் ஒட்டின் மேல் ஒருமுறை போய்த் திரும்பி வந்தது. மேடு பள்ளம் இல்லை. பிறகு அந்தக் கை பக்கத்திலிருந்த தகரப் பெட்டிக்குள் போய், பார்க்காமலே, விரல் நீளமுள்ள மூன்று எஃகு அச்சுகளை எடுத்தது. நான்கு, ஒன்று, ஏழு. ஒவ்வொன்றுக்கும் ஒரே அடி. இரண்டாவது அடி விழுந்தால் எண் இரட்டையாகத் தெரியும் என்பது கைக்குத் தெரியும்.

அதன் மேல் ரெட் ஆக்சைடு பூசியபோது கொளஞ்சியப்பன் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

அவர் யோசித்துக்கொண்டிருந்தது கவர்களைப் பற்றி. பக்கத்து நகராட்சி இருநூறு மரக்கூண்டுகளுக்கு டெண்டர் விட்டிருந்தது. சாலையோரம் நடும் கன்றுகளை ஆடு மாடு கடிக்காமல் காக்கும் இரும்புக் கூண்டுகள். முதல் கவரில் சான்றிதழ்கள், இரண்டாவது கவரில் விலை, இரண்டையும் உள்ளே வைத்து ஒட்டிய பெரிய கவர். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குள் பெட்டியில் போட வேண்டும். அதற்கு முன் ஒரு மாதிரிக் கூண்டு செய்து ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். போன வருஷம் முதல்முறையாகப் போட்டபோது விலைத்தாளையும் சான்றிதழ்களையும் ஒரே கவரில் வைத்துவிட்டார். பிரித்த அலுவலர் இரண்டு விநாடி பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான்கு டெண்டர்கள் திறக்கும்போது, தான் எதுவும் போடாமலே, போய்ப் பின்னால் நின்றார். யாருடைய கவர் ஏன் ஒதுக்கப்படுகிறது என்று கவனித்தார். ஒருவர் விலையை எண்ணால் எழுதி எழுத்தால் எழுதவில்லை. ஒருவர் அடித்துத் திருத்திய இடத்தில் கையெழுத்து வைக்கவில்லை. ஒருவருடைய ஜிஎஸ்டி சான்றிதழில் பெயர் ஒன்று, விண்ணப்பத்தில் வேறொன்று. கொளஞ்சியப்பன் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டார். நீங்கள் யார், எதற்கு நிற்கிறீர்கள் என்று நான்கு தடவையும் யாரும் கேட்கவில்லை.

அவருடைய ஷெட் நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு வெளியே, பஸ் போகும் சாலையில் இருந்தது. ஷிப்ட் பஸ்கள் போகும்போது தகரம் அதிரும். அப்பா அய்யனார் காடாம்புலியூரில் அடுத்தவர் முந்திரித் தோப்பில் கூலிக்குப் போனவர். கொளஞ்சியப்பன் இருபத்திரண்டு வயதில் மைன்ஸில் ஒரு கான்ட்ராக்ட்காரரிடம் வெல்டராகச் சேர்ந்தார். அங்கே ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு நம்பர். தான் போட்ட ஒட்டுக்குப் பக்கத்தில் அதை அடித்துவிட வேண்டும். ஒட்டு விட்டுப்போனால் அந்த நம்பரைத் தேடி வருவார்கள். பதினெட்டு வருஷம். அவர் பெயர் தெரிந்தவர்கள் அங்கே பத்துப் பேர் இருந்தால் அதிகம். 417 என்றால் தெரியும். 417-ஐத் தேடி யாரும் வந்ததில்லை.

கான்ட்ராக்ட் முடிந்ததும் வெளியே வந்து ஷெட் போட்டார். அச்சுகள் கூடவே வந்தன. ஜெயகணேஷ் என்ற டவுன்ஷிப் பையன் (இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான்) அந்தப் பக்கத்து நகராட்சியின் டெண்டர்களை எடுத்து வேலையை இவரிடம் கொடுத்தான். அந்த ஊரில் இன்று நிற்கும் மரக்கூண்டுகளில் பெரும்பாலானவை இவர் செய்தவை. பில்லில் இருப்பது ஜெயகணேஷின் பெயர். போன வருஷம் இவர் தானே டெண்டர் போட்டதிலிருந்து ஜெயகணேஷிடமிருந்து வேலை வருவது நின்றுபோனது.

மனைவி மலர்விழி மகள் அபியின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓசூர் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. மூன்று மாதத்துக்கென்று போனவள். ராத்திரி போன் செய்தாள்.

"சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டன்."

"இன்னா சாப்ட்டீங்க?"

"சாப்பாடுதான்."

"இன்னா சாப்பாடுன்னு கேட்டா சாப்பாடுங்கிறாரு பாரு. நேத்தும் அதானே சொன்னீங்க? ஏங்க, இங்க அபி இருக்கிற அபார்ட்மெண்ட்ல கேட்டுக்கு ஆள் கேக்குறாங்க. சும்மா உக்காந்துகினு இருக்கிற வேலைதான்."

"டெண்டர் முடியட்டும்."

"போன தடவையும் முடியட்டும்னுதான் சொன்னீங்க."

"இந்தத் தடவை கிடைக்கலன்னா வந்துர்றன். ஷெட்டப் பூட்டிட்டு வந்துர்றன்."

சொன்ன பிறகுதான், சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். கேட் வேலைக்கு ஆள் போடாமல் புதன்கிழமை வரை வைத்திருக்கச் சொல்லியிருப்பதாக அடுத்த நாளே தகவல் வந்தது.

திங்கட்கிழமை முழுவதும் தாள்களோடு உட்கார்ந்தார். முப்பத்தெட்டுப் பக்கம். ஒவ்வொன்றிலும் கையெழுத்தும் முத்திரையும். மைன்ஸில் இருந்த காலத்தில் கையெழுத்தெல்லாம் சூப்பர்வைசருடையது. இவருக்குச் சம்பள நாளில் மட்டும் ஒன்று. பத்தாவது பக்கம் வந்தபோது கையெழுத்து கொஞ்சம் மாறுவதுபோல் தெரிந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, முதல் பக்கத்தைப் பக்கத்தில் வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து மீதியைப் போட்டார். நிபந்தனைகளை மறுபடி படித்தார். பதினான்காவது: மாதிரியில் விலை கொடுப்பவரின் பெயர், முத்திரை, வேறெந்த அடையாளமும் இருக்கக் கூடாது, மீறினால் விலைப்புள்ளி நிராகரிக்கப்படும். எழுந்து போய்க் கூண்டில் இருந்த சாக்பீஸ் கோடுகளைத் துணியால் துடைத்தார். சரக்கு வாங்கிய கடையின் பெயின்ட் எழுத்து ஒரு கம்பியில் மங்கலாக இருந்தது. அதையும் சுரண்டிப் பூசினார்.

விலையைக் கடைசியாக எழுதினார். எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வாய்விட்டுப் படித்தார். அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். தகரக் கொட்டகைக்குள் அது கரகரவென்று யாரோ பேசுவதுபோல் கேட்டது.

செவ்வாய்க்கிழமை லோடு ஆட்டோவில் கூண்டை நிற்க வைத்துக் கட்டி, உராயாமல் சாக்கு சுற்றி, நகராட்சிக்கு இரண்டு மணிக்கு முன்பே வந்துவிட்டார். வேப்பமரத்தடியில் இறக்கிச் சாக்கை அவிழ்த்தார். ஜெயகணேஷின் மாதிரி ஏற்கெனவே ஸ்டோர் வாசலில் நின்றது. பளிச்சென்ற பூச்சு. ஒட்டுகளை இங்கிருந்தே பார்த்தார். வெளியூர் வேலை, அவசர வேலை.

"என்ன கொளஞ்சி அண்ணே, நீங்களே டெண்டர் போட்டா நாங்க இனிமே வெல்டிங் கத்துக்கணும் போலருக்கே?" என்றான் ஜெயகணேஷ்.

"கத்துக்கங்க தம்பி. ராடு நான் தர்றன்."

ஜெயகணேஷ் சத்தமாகச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கூண்டைச் சுற்றி வந்தான். கீழ் வளையத்துக்குப் பக்கத்தில் வந்தபோது குனிந்தான். சிரிப்பு நின்றது, பிறகு வேறு மாதிரி, சத்தமில்லாமல் திரும்ப வந்தது. நிமிர்ந்து, "நல்லா இருக்குண்ணே" என்றான். "மூணரைக்குத் தெறப்பாங்க. பார்ப்போம்." செல்போனை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டான்.

கொளஞ்சியப்பனுக்குப் புரியவில்லை. ஸ்டோருக்குத் தூக்கிப் போவதற்காகக் கீழ் வளையத்தைப் பிடித்தார். விரல் தானாக ஒட்டின் பக்கத்தில் போய் நின்றது. பூச்சுக்கடியில் நான்கு, ஒன்று, ஏழு.

பதினான்காவது நிபந்தனையைப் படித்த அத்தனை தடவையும் இது ஞாபகத்துக்கே வரவில்லை. கம்பி, வளையம், ஒட்டு, நம்பர். ஒட்டு இருந்தால் நம்பர் இருக்கும். அது கூண்டோடு சேர்ந்த ஒன்று என்றுதான் கை நினைத்திருந்தது. இந்த நம்பர் யாருடையது என்று ஜெயகணேஷுக்குத் தெரியும். கவர் திறக்கும் நேரத்தில், எல்லார் முன்னாலும் சொல்வதற்காக வைத்திருக்கிறான்.

மாதிரிகளைப் பதிவு செய்யும் தேவயானியின் மேசைக்குப் போனார்.

"மேடம், மாதிரியில ஒரு சின்ன வேலை பாக்கி. செஞ்சிட்டுக் குடுக்கலாங்களா?"

தேவயானி கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணிக்குள்ள எப்ப குடுத்தாலும் சரிங்க. மூணு மணி ஒரு நிமிஷம்னா நான் வாங்க முடியாது. கவர மொதல்ல பெட்டியில போட்ருங்க சார். எல்லாரும் கடைசியில ஓடி வர்றாங்க."

சார் என்று அவரை அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. கவரைப் போட்டார். அது பெட்டிக்குள் விழுந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு மரத்தடிக்கு வந்தார்.

மணி இரண்டு பத்து. கிரைண்டர் ஷெட்டில் இருந்தது. கருவிப்பையில் அரைவட்ட அரம் ஒன்றும், வழியில் கீறல் விழுந்தால் பூசுவதற்கென்று எடுத்து வந்த ஒரு டப்பி ரெட் ஆக்சைடும் இருந்தன. கூண்டைச் சாய்த்துப் போட்டு, முழங்காலால் அழுத்திக்கொண்டு, அரத்தை வைத்தார். ஆழமாக அடித்திருந்தார். நன்றாக அடிப்பார் என்று மைன்ஸில் பேர். ஏழுதான் முதலில் போனது, அதன் கால் மெல்லியது. நான்கு விடவே இல்லை. வேகமாகத் தேய்த்தால் பள்ளம் விழும், பள்ளம் விழுந்தால் அதுவும் ஓர் அடையாளம். அதனால் அகலமாக, பக்கத்து இடத்தையும் சேர்த்து, வளையத்தின் வளைவு மாறாமல் தேய்த்தார். வேர்வை மூக்கிலிருந்து இரும்பில் சொட்டியது. போவோர் வருவோர் சுற்றிக்கொண்டு போனார்கள். ஜெயகணேஷ் நிழலிலிருந்து பார்த்தான். பிறகு பார்க்காமல் இருந்தான்.

மைன்ஸ் பாலங்களில் அவர் அடித்த நம்பர்கள் எத்தனையோ. எதையும் அழித்ததில்லை. அரத்தை ஓரமாக வைத்து விரலால் தடவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தடவினார். வெறும் இரும்பு.

பூசினார். காய நேரமில்லை.

மணி மூன்று அடிக்கப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும்போது கூண்டை ஸ்டோர் வாசலுக்குத் தூக்கி வந்தார். தேவயானி விதியைப் படித்தார். "பேரு, முத்திரை, அடையாளம் எதுவும் இல்லியே?"

"இல்லைங்க."

அவர் ஒரு சீட்டில் 'மாதிரி 5' என்று எழுதிக் கம்பியில் கட்டிவிட்டு, "வீரம்மா, இதையும் உள்ள வெச்சிரு" என்றார்.

வீரம்மாள் கன்று நட்டுக் கூண்டு வைக்கும் கூட்டத்தில் இருப்பவள். இத்தனை வருஷத்தில் கொளஞ்சியப்பன் அவளைப் பார்த்ததில்லை. வந்தவள் கூண்டை ஒரு பக்கம் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. குனிந்து கீழ் வளையத்தைத் தேடினாள்.

"இன்னா தேடுற?" என்றார் தேவயானி.

"நம்பருதான் அக்கா. நானூத்திப் பதினேழுன்னு போட்டிருக்கும். அந்தக் கூண்டுதான் லாரி இடிச்சாக்கூட நிக்கும். மத்ததெல்லாம் ரெண்டு மழைக்குக் காலப் பரப்பிக்கினு வுழுந்துடும். இத ஆட்டிப் பாத்ததும் அதுன்னுதான் நெனச்சன்." அவர் பக்கம் திரும்பினாள். "இது வேற ஆளு செஞ்சதுங்களா?"

ஜெயகணேஷ் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். தேவயானி ரசீதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

கொளஞ்சியப்பன் குனிந்து தன் பக்கத்தைத் தூக்கி அவளிடம் சாய்த்தார்.

"அந்த எடத்துல மட்டும் கை வெக்காதம்மா," என்றார். "ஈரமா இருக்குது."

அவள் விரலை நகர்த்தி, வேறு இடத்தில் பிடித்து, கூண்டை வாங்கிக்கொண்டாள்.