இரண்டு குளத்துக் கிருமிகள்

அந்த அக்கா கேரி தீவிலிருந்து ஓர் ஐஸ் பெட்டியோடு எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்ட வேலையை விட்டுவிட்டுக் குளம் வெட்டித் திலாப்பியா மீன் வளர்க்கிறவர். நான் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலில் போய்வந்து, மீன் நோய்களைப் பரிசோதிக்கும் வேலையில் இரண்டாவது வருடத்தில் இருந்தேன்.

பெட்டியில் ஐந்து மீன்கள். எல்லாவற்றுக்கும் கண்கள் பிதுங்கியிருந்தன. சாவதற்கு முன்னால் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நீந்தினவாம்.

"பக்கத்துக் குளம் என் தம்பியோடது சார். அவன் மீனுக்குத்தான் மொதல்ல சீக்கு வந்துச்சு. அந்தத் தண்ணிய ரெண்டு குளத்துக்கும் பொதுவான லோங்காங் வாய்க்கால்ல தொறந்து விட்டுட்டான். அதான் என் குளமும் போச்சு. அவனாலதான்னு எழுதிக் குடுங்க லா."

"பாக்காம எழுத முடியாதுக்கா. தம்பி குளத்து மீனும் வேணும்."

"நான் அவன்கிட்ட பேசறதில்ல. நீங்களே கேளுங்க."

ஃபோன் செய்தேன். தம்பி மறுநாளே ஐந்து மீன்களைக் கொண்டுவந்து வைத்தார். "அக்கா சொல்றது உண்மையா இருந்தா, அவங்க மொகத்துல எப்படி சார் முழிப்பேன்?" என்று மட்டும் கேட்டார்.

மீன்களின் மூளையிலிருந்து எடுத்ததை கிருமி வளர்க்கும், ரத்தம் கலந்த கூழ்த் தட்டுகளில் தீற்றி வைத்தேன். அடுத்த நாள் இரண்டு குளத்துத் தட்டுகளிலும் கடுகைவிடச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டிலும் சரம் கோத்தாற்போல உருண்டைகள். சோதனைகளும் ஒரே பெயரைத்தான் சொல்லின: ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அக்கா சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று அப்போது நினைத்தேன்.

ஆனால் ஒரே பெயருக்குள்ளும் பல வம்சங்கள் உண்டு. மரபணுவைப் பிரித்து, சில பகுதிகளைப் பெருக்கி, ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டேன். புற ஊதா விளக்கைப் போட்டதும் இருட்டில் கோடுகள் ஒளிர்ந்தன. அக்கா குளத்து ஐந்துக்கும் ஒரே வரிசை. தம்பி குளத்து ஐந்துக்கும் ஒரே வரிசை. ஆனால் அந்த இரண்டு வரிசைகளும் ஒன்றில்லை. நம்பாமல் முதலிலிருந்து மறுபடி செய்தேன். அதே கோடுகள். கண்ணுக்கே தெரியாத உயிர், எந்த வழியில் வந்தது என்பதைத் தனக்குள் இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறதே! விளக்கை அணைக்க மனமில்லாமல் வெகுநேரம் நின்றேன்.

இருவரையும் வரவழைத்துப் படத்தைக் காட்டினேன்.

"இந்தப் பக்கம் உங்க குளம்க்கா. இது தம்பியோடது. இந்தக் கோடு உங்களுதுல இல்ல, பாருங்க. நான் பாத்த மீன் வரைக்கும், அங்கேருந்து இங்க வந்தது இல்ல இது."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கோடாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். "அப்ப எனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"குஞ்சு வாங்கின எடத்துலேருந்து வந்திருக்கலாம். வேற வழியாவும் வந்திருக்கலாம். தெரியலக்கா."

அவர் தம்பியைப் பார்த்தார். "ஏன்டா, நான் அவ்வளோ ஏசினேன், ஒரு வார்த்த திருப்பிச் சொல்லல நீ?"

"நானுந்தான் என் தண்ணியாலன்னு நெனச்சேன்கா."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தட்டுகளைப் பார்க்கலாமா என்று கேட்டார். எடுத்து வந்து விளக்குப் பெட்டியின்மேல் வைத்தேன். இருவரும் தலையோடு தலை சேர்த்துக் குனிந்தார்கள்.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே சார் இருக்கு!" என்றார் தம்பி.

வெறும் கண்ணுக்கு எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.